எழுபதில் தொண்ணூற்றிரண்டு

2023 பொங்கலும் மார்ட்டின் லூதர் கிங் நாளும் சேர்ந்தாற்போல் வந்ததில் எங்கள் ராணுவக் கம்பெனிக்கு நான்கு நாள் லீவு கிடைத்தது. வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் ராணுவத் தளத்திலிருந்து, வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஹெர்ண்டனில் இருக்கும் பெரியம்மா மகன் வீட்டுக்குக் கிளம்பினேன். ஐந்து, ஐந்தரை மணி நேரப் பயணம். வெள்ளிக்கிழமை காலை நன்றாகத் தூங்கி எழுந்து புறப்படுவதாகத்தான் ஏற்பாடு. "இன்னிக்கு ராத்திரியே வந்துடுடா, அண்ணி பணியாரம் சுடுறா" என்று அண்ணன் போன் செய்ய, வியாழன் மாலை ஆறரைக்கே வண்டியை எடுத்துவிட்டேன்.

ஐ-95 நெடுஞ்சாலையில் வர்ஜீனியா எல்லையைத் தாண்டிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். இருபக்கமும் பைன் மரம், இருட்டு, காலி ரோடு. கண்ணாடியில் நீல விளக்கு சுழன்றது. ஓரம்கட்டினேன். மாநிலப் போலீஸ்காரரான ஸ்டேட் ட்ரூப்பர் ஜன்னலருகே வந்து லைசென்ஸ் கேட்டார். லைசென்ஸோடு ராணுவ அடையாள அட்டையையும் சேர்த்தே நீட்டினேன். கேட்காமலே நீட்டினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் இரண்டையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். லைசென்ஸை வைத்துக்கொண்டு அட்டையை இரண்டு விரலால் திருப்பிக் கொடுத்தார். "இது எனக்குத் தேவையில்லை" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. சும்மா, தகவல் சொல்வதுபோல.

அரை மணி நேரம் கழித்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். இது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது, கோர்ட்டுக்கு வருவேன் என்ற உறுதிமொழி மட்டுமே என்று விளக்கினார். நான் ஏதோ நூறு, இருநூறு டாலர் அபராதம் என்று நினைத்து மடித்து வைத்துவிட்டேன். ஹெர்ண்டன் போய்ச் சேர்ந்து, பணியாரம் சாப்பிட்டுவிட்டு, நடுராத்திரியில்தான் தாளைப் பிரித்துப் படித்தேன். ரெக்லெஸ் டிரைவிங். 70-இல் 92, அதாவது 70 மைல் வரம்புள்ள சாலையில் 92 மைல் வேகம். மார்ச் 7, ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்.

வர்ஜீனியாவின் சமாச்சாரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே வேக வரம்பைவிட 20 மைல் அதிகமாகப் போனாலோ, வரம்பு எதுவானாலும் 85 மைலைத் தாண்டினாலோ அது பொறுப்பற்ற ஓட்டுதல் என்ற குற்ற வழக்காகிவிடும். 85 என்பதே சலுகைதான். 2020 ஜூலைக்கு முன்பு அது 80. எனக்கு இரண்டு கணக்கிலும் பொருந்தியது. கிளாஸ் 1 மிஸ்டிமீனர், சிறுகுற்றங்களிலேயே கடுமையான வகுப்பு. குடித்துவிட்டு ஓட்டி முதல்முறை மாட்டினாலும் அங்கே இதே வகுப்புதான். அதிகபட்சம் 12 மாதம் சிறை, 2,500 டாலர் அபராதம், ஆறு மாதம் வரை லைசென்ஸ் முடக்கம். அபராதத் தொகை அப்போதைய என் ஒரு மாத அடிப்படைச் சம்பளத்துக்கு ஏறக்குறையச் சமம். மோட்டார் துறைப் பதிவில் 11 ஆண்டு நிற்கும். ஆன்லைனில் கட்டிவிட்டு மறந்துவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஊருக்குப் போன் செய்தபோது அம்மா கேட்டாள்: "வேகமாப் போனதுக்கா கோர்ட்டு? போலீஸ்காரரு கிட்ட நீ பட்டாளத்துல இருக்கேன்னு சொல்லலையா?" சொன்னேன்மா, அதைத்தான் முதலில் சொன்னேன்.

எனக்குக் கூடுதலாக இரண்டு சிக்கல். ஒன்று, என் வேலையே ஓட்டுவதுதான். ராணுவத்தில் என் பிரிவு 88எம், சரக்கு லாரி ஓட்டுநர். ராணுவ ஓட்டுநர் உரிமம் இருந்தாலும் மாநில லைசென்ஸ் செல்லுபடியாக இருக்க வேண்டும். அது போனால் இதுவும் போச்சு. இரண்டாவது, நான் அப்போது கிரீன் கார்டுக்காரன். ராணுவப் பணியை வைத்துக் குடியுரிமைக்கு என்-400 விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்குக் காத்திருந்தேன். எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, சம்மன் கொடுக்கப்பட்டதா என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. நான் போடும்போது 'இல்லை' என்று டிக் அடித்திருந்தேன். அன்றைக்கு அது உண்மை.

செவ்வாய்க்கிழமை அணிவகுப்பில் வாயைத் திறக்கவில்லை. புதனும் திறக்கவில்லை. வியாழன் மாலை, வேறு பட்டாலியனில் இருக்கும் நம்மூர்க்காரர் ஒருவரிடம் போய் நின்றேன். 2009-இல் தொடங்கி 2016-இல் நின்றுபோன மாவ்னி என்ற திட்டத்தில், சில மொழிகள் தெரிந்த, கிரீன் கார்டு இல்லாதவர்களைக்கூட ராணுவத்தில் சேர்த்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படி வந்தவர். சம்மனை இரண்டு முறை படித்துவிட்டு, "எத்தனை நாளாச்சு தம்பி?" என்றார்.

"ஒரு வாரம் அண்ணே."

"ஃபர்ஸ்ட் சார்ஜென்ட்டுக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். "நாளைக்குக் காலையில பி.டி. முடிஞ்சதும் போய் நில்லு. நீ சொல்லித் தெரியறது வேற, உன் டிரைவிங் ரெக்கார்டை எடுத்துப் பாத்துத் தெரியறது வேற. வேகமாப் போனவனை அவங்க மன்னிச்சிடுவாங்க. மறைச்சவனைத்தான் பக்கத்துல வெச்சுக்க மாட்டாங்க."

போய் நின்றேன். கம்பெனியின் மூத்த சார்ஜென்ட்டான ஃபர்ஸ்ட் சார்ஜென்ட் கத்தவில்லை. பிளட்டூன் சார்ஜென்ட்டைக் கூப்பிட்டு, "இவனுடைய டிரிப்ஸ் படிவத்தை எடு" என்றார். நெடுந்தூரம் போவதற்கு முன்னால் நாங்கள் ஆன்லைனில் நிரப்ப வேண்டிய பயண ஆபத்து மதிப்பீடு அது. எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய், முந்தைய நாள் எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்றெல்லாம் கேட்கும். எல்லோரும் கடனே என்று நிரப்புவோம். பிரிண்டரிலிருந்து வந்த தாளை மேசையில் என் பக்கம் திருப்பி வைத்தார். புறப்படும் நேரம்: வெள்ளி காலை 6 மணி. தூக்கம்: 8 மணி நேரம். சம்மனை அதன் பக்கத்தில் வைத்தார். வியாழன் இரவு 8.34. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அறையில் நான் நின்ற ஐந்து நிமிடத்துக்குக் கோர்ட்டே தேவலை.

டி.ஏ. 4856 என்ற கவுன்சலிங் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வழக்கு முடியும் வரை ராணுவ வண்டி ஓட்டக் கூடாது. மூன்று மாதம், ராணுவ வண்டிகள் நிற்கும் மோட்டார் பூலில் டிஸ்பாட்ச் மேசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சாவி கொடுத்தேன். லாரிகளுக்கு அடியில் எண்ணெய் சொட்டும் தட்டுகளைத் துடைத்தேன். லாரி ஓட்டுகிறவனுக்கு இதைவிட மெதுவாக நாள் போகாது.

அடுத்து ராணுவச் சட்ட உதவி அலுவலகம். பேரக்ஸில் எல்லோரும் எனக்கு ஒரே மருந்தைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: எஸ்.சி.ஆர்.ஏ. இருக்கிறது, கோர்ட்டால் உன்னைத் தொட முடியாது. 2003-ஆம் ஆண்டின் படைவீரர் குடிமை (சிவில்) பாதுகாப்புச் சட்டம் அது. பணியின் காரணமாக வழக்குக்கு வர முடியாதவர் கேட்டால் குறைந்தது 90 நாள் தள்ளிவைக்க வேண்டும் என்கிறது. அங்கிருந்த கேப்டன் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெயரிலேயே சிவில் என்று இருக்கிறதே, கவனித்தாயா?" என்றார். கடன், வாடகை, விவாகரத்து மாதிரியான வழக்குகளுக்கும் நிர்வாக விசாரணைகளுக்கும்தான் அந்தச் சட்டம். குற்ற வழக்குக்குச் செல்லாது. என் வழக்கு குற்ற வழக்கு. தாம் என் சார்பில் அந்தக் கோர்ட்டில் வந்து நிற்க முடியாது என்றும், அந்தக் கவுண்டியிலேயே தினமும் வாதாடும் வக்கீலைப் பிடி என்றும் சொன்னார். இலவசமாகக் கிடைத்த அந்த அரை மணி நேரப் பேச்சு, பிறகு நான் காசு கொடுத்து வாங்கிய எதைவிடவும் உபயோகமாக இருந்தது.

வக்கீலுக்கு 1,200 டாலர். மூன்று தவணை. நான் போகவிருந்த லூசியானா ஃபோர்ட் போல்க் பயிற்சி மார்ச் 7-ஐ விழுங்கியிருந்தது. ஓட்டத்தான் தடை, போவதற்கு இல்லை. கமாண்டர் கையெழுத்திட்ட கடிதத்தை வக்கீல் கோர்ட்டில் கொடுத்து வாய்தா கேட்டார். சட்டப்படி உரிமை இல்லை, நீதிபதியின் மனசு. ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தார்.

இடைப்பட்ட நாளில் செய்யச் சொன்னவை இரண்டு. எட்டு மணி நேர டிரைவர் இம்ப்ரூவ்மென்ட் வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினேன். அப்புறம் ஸ்பீடோமீட்டர் சோதனை. மீட்டர் குறைவாகக் காட்டியிருந்தால் அதற்கான சான்றை வர்ஜீனியாவில் கோர்ட்டு கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஃபேயட்வில்லில் ஒரு கடையில் வண்டியை உருளைமேல் ஏற்றிச் சோதித்தார்கள். 80 டாலர் வாங்கிக்கொண்டு, மீட்டர் மிகச் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். என் குற்றத்தை நானே காசு கொடுத்து உறுதிசெய்துகொண்டேன். வக்கீல் அதைப் பார்த்து, "இது பையிலேயே இருக்கட்டும்" என்றார்.

கோர்ட்டுக்கு யூனிஃபார்ம் போட்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். சலுகை கேட்டு வந்தவன் மாதிரி இருக்கும், நல்ல சட்டை, டை போதும். அவர் சொன்னது சரிதான். அன்று வரிசையில் முடியை ஒட்ட வெட்டிய பையன்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். பார்த்தாலே எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரியும். அந்த நீதிபதிக்குத் தெரியாதா?

சின்ன ஊர், ஒரே அறை, பெஞ்சு நிறைய ஆட்கள். காலை 9 மணிக்குப் போனவனின் பெயரைப் 11.20-க்குக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் 104 மைலில் பிடிபட்டவன், வக்கீல் இல்லாமல் வந்து, "மற்றவர்களும் அதே வேகத்தில்தான் போனார்கள்" என்றான். அவனை உட்காரவைத்து, அரசுச் செலவில் அவனுக்கு ஒரு வக்கீல் ஏற்பாடு செய்வது பற்றிப் பேச ஆரம்பித்தார் நீதிபதி. நூறைத் தாண்டினால் சிறையைப் பற்றித்தான் பேச்சு இருக்கும் என்று என் வக்கீல் சொன்னது நினைவுக்கு வந்தது. உள்ளங்கை ஈரமாகிவிட்டது.

என் வழக்கு நான்கு நிமிடம். அதே ட்ரூப்பர் நின்று ரேடார் சோதனைச் சான்றை நீட்டினார், வேகத்தைச் சொன்னார். கடைசியில், யாரும் கேட்காமலே, "ஒத்துழைத்தார், மரியாதையாக நடந்துகொண்டார்" என்று சேர்த்தார். அந்த ஒரு வரி அடையாள அட்டை செய்யாத வேலையைச் செய்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வக்கீல் வகுப்புச் சான்றிதழையும், மற்ற குற்றமில்லாத என் ஓட்டுநர் பதிவையும் கொடுத்தார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "ராணுவத்தில் என்ன வேலை?" என்றார். லாரி ஓட்டுகிறேன் என்றேன். அறையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வழக்கை 70-இல் 84 என்ற சாதாரண வேக மீறலாகக் குறைத்தார். குற்ற வழக்கு போக்குவரத்து விதிமீறலாக இறங்கியது. 200 டாலர் அபராதம், கூடவே கோர்ட்டுச் செலவு.

வெளியே வந்ததும் வக்கீல் கை குலுக்கிவிட்டு அடுத்த கட்சிக்காரரிடம் போய்விட்டார். நான் கிளார்க் ஜன்னலில் பணம் கட்டி, சான்றளித்த தீர்ப்பு நகல் மூன்று வாங்கினேன். ஃபர்ஸ்ட் சார்ஜென்ட்டுக்கு ஒன்று, குடியுரிமைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. எந்த நாட்டுக் காகிதமானாலும் ஒன்று கூடுதலாக வாங்கி வைப்பது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம்.

அடுத்த வாரமே லாரிச் சாவி கைக்கு வந்தது. குடியுரிமை நேர்காணல் வருவதற்குள் எங்கள் தளத்தின் பெயர் ஃபோர்ட் லிபர்ட்டி ஆகியிருந்தது. (2025-இல் மறுபடி பிராக் ஆனது தனிக்கதை.) அதிகாரி பழைய பதில்களை ஒவ்வொன்றாகக் கேட்டுவந்தார். சம்மன் கேள்வி வந்ததும், அந்தப் பதில் மாறிவிட்டது என்று சொல்லி நகலை நீட்டினேன். 'இல்லை' என்பதைச் சிவப்பு மையில் அடித்து 'ஆம்' என்று எழுதினார். நகலை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"தொண்ணூற்றிரண்டா?" என்றார்.

"ஆமாம் மேடம்."

"எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள்?"

பொங்கலுக்கு என்றேன். அது என்ன என்று கேட்டார். அறுவடைத் திருநாள், சூரியனுக்கு நன்றி சொல்லிப் புது அரிசியைப் பொங்க வைப்போம் என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.