குதிரை இழுக்கும் பனிச்சறுக்கு

வெள்ளவத்தையில் மின்விசிறிக்கடியில் வியர்த்துக்கொண்டிருந்த எனக்கு, சுவிற்சர்லாந்தில் வாழும் சின்னம்மாவின் மகன் அனுப்பிய காணொளியில், உறைந்த ஏரியின்மீது ஆளேறாத குதிரையொன்று பாய, அதன் நீண்ட கடிவாள வார்களைப் பற்றிய ஒருவர் சறுக்குப் பலகைகளில் பின்னால் விரைந்தார். ஸ்கீஜோரிங் எனப்படும் இவ்விளையாட்டு, 1928 ஆம் ஆண்டு செயின்ட் மோரிட்ஸ் குளிர்கால ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக நடந்தபோது, மூன்று பதக்கங்களையும் சுவிஸ் வீரர்களே வென்றனர். அமெரிக்காவின் லெட்வில் நகரில் முறை வேறு: குதிரைமேல் ஒருவர் அமர்ந்து ஓட்ட, கயிற்றைப் பிடித்தவர் பனிமேடுகளைத் தாண்டி, தொங்கும் வளையங்களைக் கையில் சேர்க்க வேண்டும். எனக்குச் சுவிஸ் முறையே கடினமாகத் தெரிகிறது. குளம்புகள் வாரியெறியும் பனியை முகத்தில் வாங்கிக்கொண்டே, தன் சமநிலையையும் குதிரையின் வேகத்தையும் ஒருவரே ஆள வேண்டியிருக்கிறது. காணொளி அனுப்பிய தம்பியோ, இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பலகை கட்டிப் பார்த்ததில்லையாம்.