நர்சிங் சேரப் போகிறீர்களா? முதலில் மணிக்கணக்கைக் கேளுங்கள்

நர்சிங் சேர நினைப்பவர்கள் முதலில் கேட்பது "டிப்ளமோவா, டிகிரியா?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சில வருடம் கழித்து வேறொரு நாட்டில் செவிலியராகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கும்போது, அங்கே காகிதங்களைச் சரிபார்ப்பவர் பட்டத்தின் பெயரைப் படித்துவிட்டு உடனே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். குழந்தைகள் வார்டில் எத்தனை மணி நேரம்? பிரசவப் பிரிவில் எத்தனை? மனநலப் பிரிவில்? அதில் வகுப்பு எவ்வளவு, வார்டு எவ்வளவு? இந்தக் கட்டங்களில் ஒன்று காலியாக இருந்தால் நான்கு வருடப் படிப்பும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதனால் கோர்ஸைத் தேர்ந்தெடுக்கும்போதே மணிக்கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005/36 ஆணைப்படி பொதுச் செவிலியர் பயிற்சி குறைந்தது 3 ஆண்டு, 4,600 மணி நேரம் இருக்க வேண்டும். அதில் பாதிக்குக் குறையாமல் கிளினிக்கல் பயிற்சி, அதாவது நோயாளிகளோடு செய்யும் பயிற்சி, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பாடம். பிரிட்டனில் அதே 4,600-ஐ 2,300 பாடம், 2,300 பயிற்சி என்று சரிபாதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற செவிலியருக்கான படிப்பில் சிமுலேஷனை (பொம்மை நோயாளியை வைத்துச் செய்யும் பயிற்சியை)ச் சேர்க்காமல் குறைந்தது 800 மணி நேரம் நேரடிப் பயிற்சி. மூன்று இடத்திலும் பெரும்பாலும் கையில் கிடைப்பது இளங்கலை நர்சிங் பட்டம்தான். உள்ளே இருக்கும் சரக்குதான் வேறு வேறு.

பிரிட்டனில் இன்னொரு வித்தியாசமும் உண்டு. சேரும்போதே வயது வந்தோர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என நான்கு பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். வயது வந்தோர் பிரிவில் படித்தவர் பொதுப் பயிற்சி கேட்கும் நாட்டுக்குப் போனால், குழந்தைகள், மனநலம் ஆகியவற்றின் மணி நேரம் போதாது என்ற கேள்வி எழும். எங்கே வேலை செய்யப் போகிறோம் என்று ஓரளவாவது தெரிந்தால் இதை முன்னாலேயே யோசித்துக்கொள்ளலாம்.

இனி ஏணிப்படிகளுக்கு வருவோம். இந்தியாவில் ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு) 2 ஆண்டு, ஜி.என்.எம். (பொதுச் செவிலியர் டிப்ளமோ) 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. ஜி.என்.எம். முடித்தவர் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. 2 ஆண்டு படித்துப் பட்டதாரி ஆகலாம். கூட்டிப் பார்த்தால் 5 ஆண்டு. நேராகப் பி.எஸ்சி. போனவரை விட ஒரு வருடம் கூடுதல், ஆனால் நடுவில் வேலை செய்துகொள்ளலாம். அமெரிக்காவில் எல்.பி.என். (ஆர்.என்.னுக்குக் கீழ்ப்படியில் உள்ள செவிலியர்) சுமார் ஒரு வருடம், அசோசியேட் டிகிரி 2 ஆண்டு, பி.எஸ்.என். (இளங்கலை நர்சிங் பட்டம்) 4 ஆண்டு. ஆர்.என். என்றால் பதிவுபெற்ற செவிலியர். வேறு துறையில் ஏற்கெனவே பட்டம் வாங்கியவருக்கு 12 முதல் 18 மாதத்தில் முடியும் துரித பி.எஸ்.என். உண்டு. அதன் வேகம் மூச்சு முட்டும். அதோடு முழுநேர வேலையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

அசோசியேட் படித்தவரும் பி.எஸ்.என். படித்தவரும் எழுதுவது ஒரே என்க்ளெக்ஸ் ஆர்.என். உரிமத் தேர்வைத்தான், கிடைப்பதும் ஒரே ஆர்.என். உரிமம்தான். அப்படியானால் எதற்கு இரண்டு வருடம் கூடுதலாகப் படிக்க வேண்டும்? பின்னால் வரும் கதவுகளுக்காக. நியூயார்க் மாநிலம் 2017-ல் கொண்டுவந்த சட்டப்படி, புதிதாக உரிமம் பெறும் ஆர்.என்.கள் 10 ஆண்டுக்குள் நர்சிங்கில் இளங்கலைப் பட்டம் பெற்றாக வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் 2005 முதல் ஆர்.என். ஆகப் பதிவு செய்யப் பட்டம் கட்டாயம். ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளை வைத்துச் செய்து 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், பட்டம் பெற்ற செவிலியர்களின் விகிதம் 10 சதவீதம் கூடும் இடத்தில், சேர்ந்த 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வு, ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் எடுத்து டிப்ளமோ செவிலியர்களை மட்டம் தட்டுவது அநியாயம். கூட்டமான வார்டில் ஆளைக் குறைத்துவிட்டுப் பட்டத்தை மட்டும் கேட்பதும் அநியாயம்தான்.

என் கருத்து இது: வசதியும் நேரமும் இருந்தால் நேராகப் பட்டத்துக்குப் போங்கள். சீக்கிரம் வேலைக்குப் போயாக வேண்டும் என்றால் டிப்ளமோ தாழ்வில்லை. ஆனால் அங்கிருந்து மேலே ஏறப் பிரிட்ஜ் கோர்ஸ் (போஸ்ட் பேசிக் போல, டிப்ளமோவிலிருந்து பட்டத்துக்குக் கொண்டுபோகும் படிப்பு) இருக்கிறதா என்று சேரும்போதே பார்த்துவிடுங்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று: டிப்ளமோ வழியாக வந்து பிறகு பட்டம் வாங்கியவரின் காகிதங்களை மதிப்பிடும்போது, முதன்முதலில் பதிவுக்கு வழிவிட்ட படிப்பைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். பட்டம் வந்துவிட்டதே என்று டிப்ளமோ மதிப்பெண் பட்டியலைத் தொலைத்துவிடாதீர்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது "அங்கீகாரம் இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று விஷயம் இருக்கிறது. பல்கலைக்கழக இணைப்பு பட்டம் தருவதற்கு. நர்சிங் கவுன்சில் அனுமதி பதிவு செய்வதற்கு. மூன்றாவது, இந்த ஆண்டு, இந்தக் கோர்ஸுக்கு, இத்தனை இடத்துக்கு என்ற அனுமதி. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாவிட்டால் கையில் பட்டம் இருக்கும், செவிலியராக வேலை செய்ய முடியாது. அனுமதித்த இடங்களுக்கு மேல் ஆள் சேர்த்தால், கூடுதலாகச் சேர்ந்தவர்களின் பெயர் பதிவுக்குப் போகும்போது சிக்கும். கவுன்சிலின் இணையதளத்தில் கல்லூரியின் பெயர், கோர்ஸ், ஆண்டு, இடங்களின் எண்ணிக்கை நான்கையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

முழுக்க ஆன்லைனில் நர்சிங் டிகிரி என்று விளம்பரம் வந்தால் இரண்டு தடவை படியுங்கள். ஏற்கெனவே பதிவுபெற்ற செவிலியர் ஆன்லைனில் மேற்பட்டம் படிப்பது வேறு. அது நல்ல வழி. முதன்முதலாகச் செவிலியர் ஆகப் போகிறவருக்கு வார்டு இல்லாத படிப்பு பதிவுக்கு உதவாது.

இப்போது லாக்புக், அதாவது வார்டில் செய்த பயிற்சியை நாள்தோறும் எழுதிவைக்கும் நோட்டு. மாணவர்கள் இதை ஒரு சுமையாக நினைத்து, செமஸ்டர் கடைசியில் ஒரே இரவில் எழுதுகிறார்கள். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லா நாளும் "6 மணி நேரம்". அனுபவப்பட்ட கண் அதை முதல் பார்வையிலேயே பிடித்துவிடும். ஒரு நல்ல பதிவு இப்படி இருக்கும்: தேதி, பிரசவ அறை, காலை ஷிப்ட், 6 மணி நேரம், பிரசவத்தை அருகில் நின்று பார்த்தது 2, உதவியது 1, மேற்பார்வையில் செய்தது 0, பிறந்த குழந்தைக்கு உடனடிப் பராமரிப்பு 1, மேற்பார்வையாளர் கையெழுத்து, அதே தேதி. பார்த்தது, உதவியது, செய்தது மூன்றையும் கலக்கக் கூடாது. மூன்று பிரசவத்தைப் பார்த்துவிட்டு மூன்றைச் செய்ததாக எழுதினால் அது பொய். நாளை தனியாக நிற்கும்போது அந்தப் பொய்க்கு விலை கொடுப்பது ஒரு தாய்.

மணி நேரம் குறைவது பெரும்பாலும் பிரசவம், மனநலம் இரண்டிலும்தான். கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையில் மனநலப் பிரிவு இல்லையென்றால் வெளியே அனுப்ப வேண்டும். அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். பிரசவப் பிரிவில் ஆண் மாணவர்களை உள்ளே விடத் தயங்கும் இடங்களில் அவர்கள் வெளியே நின்றே நாளைக் கழிக்கிறார்கள். ஆண் மாணவர்கள் இதை இரண்டாம் வருடத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். இறுதி ஆண்டில் கேட்டால் வார்டு போஸ்டிங் அட்டவணையில் இடம் இருக்காது. கலிபோர்னியாவில் இன்னொரு விதி: ஒரு பாடமும் அதற்கான கிளினிக்கல் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும். முதல் வருடம் பாடம், மூன்றாம் வருடம் போஸ்டிங் என்று இருந்தால் மொத்த மணி நேரம் சரியாக இருந்தும் அங்கே ஏற்க மாட்டார்கள்.

சிமுலேஷன் பற்றிப் பயமும் வேண்டாம், அதிக நம்பிக்கையும் வேண்டாம். அமெரிக்க நர்சிங் போர்டுகளின் தேசியக் கவுன்சில் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், கிளினிக்கல் நேரத்தில் பாதி வரை தரமான சிமுலேஷனாக மாற்றினாலும் மாணவர்களின் தேர்ச்சி குறையவில்லை. அதில் "தரமான" என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். பொம்மையைச் சுற்றி இருபது பேர் நின்று வேடிக்கை பார்ப்பது சிமுலேஷன் ஆகாது. சிறு குழு வேண்டும், பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும், முடிந்ததும் உட்கார்ந்து எங்கே தவறினோம் என்று பேசும் நேரம் வேண்டும். அந்தப் பேச்சில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது.

படிப்பில் எது கஷ்டம் என்று கேட்டால் எல்லோரும் அனாடமி என்பார்கள். அனாடமியைப் படித்துத் தேறிவிடலாம். பலரைக் கடைசி வரை விடாமல் துரத்துவது மருந்துக் கணக்கு. பிரிட்டனில் மாணவர்களுக்கான மருந்துக் கணக்குத் தேர்வில் 100-க்கு 100 எடுத்தால்தான் தேர்ச்சி. வார்டில் அரை மதிப்பெண் என்று ஒன்று கிடையாது என்பதால் அது நியாயம்தான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1,000 மில்லி நார்மல் சலைன், 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 1,000-ஐ 20-ஆல் பெருக்கினால் 20,000 சொட்டு. 8 மணி நேரம் என்றால் 480 நிமிடம். வகுத்தால் 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. இதில் நடக்கும் முதல் தவறு, மணியை நிமிடமாக்காமல் 8-ஆல் வகுப்பது. 2,500 என்று விடை வரும். நிமிடத்துக்கு 2,500 சொட்டு விழுமா என்று ஒரு கணம் யோசித்தாலே பிடித்துவிடலாம். இரண்டாவது தவறு ஆபத்தானது, ஏனென்றால் அது நியாயமான எண்ணாகத் தெரியும். செட்டின் உறையைப் படிக்காமல், பழக்கத்தில் 15 சொட்டு என்று வைத்துக் கணக்குப் போட்டால் 31 வரும். 20 சொட்டு செட்டில் 31 வைத்தால் பாட்டில் முடிய 8 மணிக்குப் பதில் சுமார் 10 மணி 45 நிமிடம் ஆகும். ஒரு மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட் என்றால் சரியான விடை 125. ஆகவே கணக்கைத் தொடங்கும் முன் உறையில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். போட்ட பின் படுக்கையருகே சரிபார்க்க ஒரு வழி: 42 என்றால் 15 நொடியில் 10 அல்லது 11 சொட்டு விழ வேண்டும்; ஒரு மணி நேரத்தில் பாட்டிலில் 125 மில்லி இறங்கியிருக்க வேண்டும். பாட்டிலின் பக்கத்தில் பிளாஸ்டர் ஒட்டி மணிக்கு மணி கோடு போட்டு வைத்தால், ஷிப்ட் மாறி வருபவருக்கும் ஒரே பார்வையில் தெரியும்.

முதுகலைக்குப் பட்டம் முடித்த கையோடு ஓட வேண்டாம். இந்தியாவில் எம்.எஸ்சி. நர்சிங்குக்கு ஒரு வருட அனுபவம் கேட்பார்கள். இரண்டு வருடம் இருந்தால் இன்னும் நல்லது, எந்தப் பிரிவு பிடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். கற்பிக்கப் போவதா, ஒரு பிரிவில் நிபுணராவதா, நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதும் அளவுக்கு மேற்படிப்பு படித்த செவிலியர்) ஆவதா என்பதைப் பொறுத்து வழி பிரியும். பிராக்டிஷனர் படிப்பு 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் தொடங்கியது. இன்று பல நாடுகளில் இருந்தாலும், தனியாக மருந்து எழுதும் அதிகாரம் எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். படிப்பில் சேரும் முன், வேலை செய்யப் போகும் இடத்தின் சட்டத்தைப் பாருங்கள். ஆராய்ச்சி என்றால் பிஎச்.டி., சிகிச்சைப் பணியின் உச்சம் என்றால் அமெரிக்க டி.என்.பி. (டாக்டர் ஆஃப் நர்சிங் பிராக்டிஸ்) போன்ற பட்டம், ஒன்று மற்றொன்றுக்கு மாற்று இல்லை.

சேர்ந்த வருடத்து சிலபஸை, மணி நேரப் பிரிவினையோடு, கல்லூரி முத்திரை வைத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிலபஸ் மாறும், கல்லூரி பெயர் மாறும், சில கல்லூரிகள் மூடியே போகும். டிரான்ஸ்கிரிப்டை (பாடம், மணி நேரம், மதிப்பெண் அடங்கிய பட்டியலை)ப் பெரும்பாலும் கல்லூரியே நேரடியாக அனுப்ப வேண்டும் என்பார்கள். நீங்கள் உறையைப் பிரித்து அனுப்பினால் செல்லாது. பாஸ்போர்ட், பட்டம், பதிவுச் சான்று மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று படிக்கும்போதே பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் மாதக்கணக்கில் இழுப்பது பெரும்பாலும் இந்த ஓர் எழுத்துதான்.

பதிவு வந்த பிறகும் மணிக்கணக்கு தொடரும். பிரிட்டனில் 3 ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க 450 மணி நேரப் பணியும் 35 மணி நேரத் தொடர்கல்வியும் காட்ட வேண்டும். வேலையில் இடைவெளி விழப் போகிறது என்று தெரிந்தால், விடுப்பு எடுக்கும் முன்பே உங்கள் கவுன்சில் எத்தனை மணி கேட்கிறது என்று பார்த்து, பணிச் சான்றிதழை மணி நேரத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.