விஎம்சி புரோகிராமர் எச்எம்சி பக்கம் போனபோது

பல வருஷம் விஎம்சிக்கு (டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் செங்குத்தாக நிற்கும் கணினி மில்லிங் மெஷின்) மட்டுமே புரோகிராம் எழுதிவிட்டு எச்எம்சிக்கு (ஸ்பிண்டில் படுத்திருக்கும் வகை) மாறியவன் நான். மாறப்போகிறவர்கள் முதலில் கேட்பது, "கோடு (மெஷினுக்கான கட்டளைகள்) எல்லாம் வேறயா?" என்றுதான். வேறே இல்லை. ஜி01, ஜி02, ஜி83 எல்லாம் அதேதான், வேலை செய்யும் தளத்தைச் சொல்லும் பிளேனும் ஜி17தான் (எக்ஸ்-ஒய்). ஸ்பிண்டில் படுத்திருந்தாலும் இசட் அதன் கூடவே போகும். மேலும் கீழும் ஓடுவது ஒய். ஸ்பிண்டிலுக்குப் பின்னால் நின்று ஜாப்பை (வெட்டப்படும் பாகத்தை) பார்ப்பதாக நினைத்துக்கொண்டால் எக்ஸ் வலப்பக்கம், ஒய் மேலே, பழகிய படமேதான்.

என் நேரத்தைச் சாப்பிட்டது ஜீரோ, அதாவது ஜாப்பின் அளவுகள் தொடங்கும் புள்ளி. விஎம்சியில் ஜாப்பைப் பிடிக்கும் வைஸின் மூலையைத் தொட்டு, ஜி54 என்ற ஆஃப்செட்டில் (ஜீரோ இருக்கும் இடத்தைச் சேமிக்கும் பதிவு) போட்டால் வேலை முடிந்தது. இங்கே பேலட் (மாற்றி மாற்றி உள்ளே போகும் மேடை) மேல் ஒரு டூம்ஸ்டோன் (ஜாப்புகளைப் பிடிக்கும் நாற்பக்கத் தூண்), அதன் நாலு முகத்திலும் மேலே ஒரு ஜாப், கீழே ஒரு ஜாப். பேலட் இரண்டு. கூட்டினால் 16 ஜாப், 16 ஆஃப்செட். ஜி54 முதல் ஜி59 வரை இருப்பதோ ஆறுதான். கூடுதலாக வேண்டுமென்றால் ஜி54.1 இருக்கிறது, சரி. ஆனால் பதினாறையும் யார் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுப்பது?

"தம்பி, டேபிள் சென்டரைப் பிடி. மத்ததெல்லாம் கணக்குல வந்துடும்" என்றார் சொல்லிக்கொடுத்த சீனியர். டேபிள் திரும்புவது பி அச்சில், அதாவது ஒய்யைச் சுற்றி. அந்தச் சுழல் மையம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், எந்த முகத்தின் ஜீரோவும் டிராயிங்கிலிருந்தே வந்துவிடும்.

மையம் எடுப்பது இப்படி. கிரைண்ட் செய்த ஒரு பிளாக்கை டேபிளில் இறுக்கி, எட்ஜ் ஃபைண்டரால் (விளிம்பைத் தொட்டுக் கண்டுபிடிக்கும் கருவி) ஒரு பக்கத்தைத் தொட்டு எக்ஸைக் குறித்துக்கொள்வேன். டேபிளை 180 டிகிரி திருப்பி, அதே பக்கத்தை இப்போது எதிர்த் திசையிலிருந்து தொடுவேன். இரண்டின் சராசரிதான் எக்ஸ் மையம். எட்ஜ் ஃபைண்டரின் ஆரம் தானாக அடிபட்டுப் போகும். இசட்டுக்கு முன்முகத்தைத் தொட்டு, திருப்பிப் பின்முகத்தையும் அதே கேஜ் டூலால் (நீளம் தெரிந்த அளவு டூல்) தொட வேண்டும். 100 மி.மீ. பிளாக்கில் -412.350, -411.150 என்று வந்தால், இரண்டையும் கூட்டி, 100-ஐக் கழித்து, பாதியாக்கினால் -461.750. கேஜ் டூலின் நீளத்தை இதில் சரிக்கட்ட மறக்கக்கூடாது. மெஷின் பாராமீட்டரில் மையம் ஏற்கெனவே இருக்கலாம். இருந்தாலும் மெஷின் சூடேறிய பிறகு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

அப்புறம் வருவது எக்ஸும் இசட்டும் இடம் மாறும் விளையாட்டு. பி0-வில் (டேபிள் திரும்பாத நிலை) மையத்திலிருந்து எக்ஸ் 50, இசட் 120-ல் இருக்கும் ஒரு புள்ளி, 90 டிகிரி திரும்பியதும் எக்ஸில் 120, இசட்டில் 50 என்றாகிவிடும். பிளஸ்ஸா மைனஸா என்பது டேபிள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு தாளில் வட்டம் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெளியும். கணக்கிட்ட மதிப்புகளை நான் ஜி10 (ஆஃப்செட்டை புரோகிராமிலிருந்தே எழுதும் கட்டளை) போட்டு புரோகிராமின் தலையிலேயே எழுதிவிடுகிறேன். செட்டப் மாற்றும்போது யாரும் கையால் நம்பர் அடிக்க வேண்டியதில்லை.

விஎம்சி கையோடு வருகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்வேன்: டேபிள் திரும்பும் முன் இசட் முழுசாக வீட்டுக்கு (ஹோம், அச்சின் தொடக்க நிலை) போக வேண்டும். 400 மி.மீ. சதுர டூம்ஸ்டோனின் முகம் மையத்திலிருந்து 200-ல் இருக்கும். மூலையோ சுமார் 283-ல். முகத்துக்கு மேலே 50 மி.மீ. தள்ளி நின்றால் போதும் என்று விஎம்சி பழக்கம் சொல்லும், ஆனால் திரும்பும்போது மூலை அந்த இடத்தைக் கடந்துதான் போகும். அதற்கு மேல் கிளாம்பு போல்ட் வேறு துருத்திக்கொண்டிருக்கும்.

டூலிலும் பழைய பழக்கம் உதவாது. குட்டையாகப் பிடித்தால் உறுதி என்பது உண்மைதான். ஆனால் இங்கே ரொம்பக் குட்டையாகப் பிடித்தால் ஜாப்பை எட்டும் முன்பே இசட் ஓவர் டிராவல் (அச்சு நகரும் எல்லை முடிந்தது) அலாரம் அடிக்கும். அதனால் ஃபிக்ஸ்சர் (ஜாப்பைப் பிடிக்கும் அமைப்பு) வரையும்போதே டூல் நீளத்தையும் சேர்த்தே பார்க்கிறேன்.

சிப் (வெட்டும்போது வரும் உலோகச் சீவல்) விஷயத்தில் மட்டும் எச்எம்சி சொர்க்கம். தானாகக் கீழே கொட்டிவிடுகிறது, ஆழமான பாக்கெட்டில் அரைத்ததையே அரைக்கும் தொல்லை இல்லை.

வரிசையைப் பொறுத்தவரை, ஒரு டூலை எடுத்தால் எல்லா முகத்தையும் முடித்துவிட்டுத்தான் அடுத்த டூல் என்பது என் பொது வழக்கம். ஒன்றுக்கொன்று நெருங்கிய டாலரன்ஸ் (அனுமதிக்கும் பிசகு) உள்ள போர் துளைகள் ஒரே பக்கமிருந்து எட்டும் என்றால், அவற்றின் ஃபினிஷை மட்டும் நடுவில் டேபிளைத் திருப்பாமல் முடிப்பேன். பி அச்சில் 0.01 டிகிரி பிசகினால் 300 மி.மீ. தூரத்தில் 0.05 மி.மீ. தள்ளிப்போகும்.

இந்த வரிசைக்கு ஒரு விலை உண்டு. மூன்றாவது முகத்தில் டிரில் உடைந்தால் ஆபரேட்டர் எங்கிருந்து தொடங்குவார்? அதனால் டூலும் முகமும் மாறும் ஒவ்வொரு இடத்திலும் 'N' என்று தொடங்கும் ஒரு வரி எண் வைத்து, அதற்குக் கீழே டூல் அழைப்பு, இசட் ஹோம், பி கோணம், ஆஃப்செட், ஸ்பிண்டில் வேகம், கூலன்ட் எல்லாவற்றையும் திரும்ப எழுதுகிறேன். N503 என்றால் ஐந்தாம் டூல், மூன்றாம் முகம். புரோகிராம் நீளும்தான். ராத்திரி ஷிப்டில் யாரும் எனக்கு போன் செய்வதில்லை.