கிரிட்டாவில் தைலவண்ணச் சாயல்: தேர்விலிருந்து கடைசித் தீற்றல் வரை

திரையில் வரையும் உருவப்படம் தைலவண்ண ஓவியம்போல இருக்க வேண்டும் என்பது இலக்கு. மென்பொருள் தேடத் தொடங்கியபோது, எதில் எத்தனை பிரஷ் இருக்கிறது என்று எண்ணுவதை முதலில் நிறுத்தினோம். பார்க்க வேண்டியது, இரண்டு வண்ணங்கள் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான்.

எல்லா மென்பொருளுக்கும் ஒரே சோதனை. 300 டிபிஐ-யில் ஏ4, அதாவது 2480 × 3508 பிக்சல் கேன்வாஸ். நீலப் பட்டை ஒன்று, ஒட்டினாற்போல் மஞ்சள் பட்டை ஒன்று. 250 பிக்சல் பிரஷால் ஒன்றிலிருந்து மற்றதற்குள் ஓர் இழுப்பு. வழக்கமான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல எண்மதிப்புகள்) கலவையில் நடுவே சாம்பல்தான் விழும். ரெபெல் ப்ரோவில் நிறமிக் கலவையை இயக்கினால் நிஜச் சாயத்தைப் போலவே பச்சை வரும். இந்த ஒன்றில் அதை மிஞ்ச ஆளில்லை. ஃபோட்டோஷாப்பின் மிக்சர் பிரஷ் நன்றாக இழுக்கும், ஆனால் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ப்ரொக்ரியேட்டுக்கு ஒருமுறை பணம் போதும். ஐபேட் இருந்தாக வேண்டும், கேன்வாஸ் பெரிதாகப் பெரிதாக லேயர்களின், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குகளின், எண்ணிக்கையும் குறையும்.

கிரிட்டா இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2021 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில் வண்ணங்களை இழுத்துக் கலக்கும் கலர் ஸ்மட்ஜ் எஞ்சினைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள். தைலவண்ணச் சாயலுக்கு உயிரே அந்த எஞ்சின்தான். நீலம்-மஞ்சள் சோதனையில் இதுவும் சாம்பலையே தந்தது. ஆனாலும் இதைத் தேர்ந்தோம். வண்ணத் தட்டை, அதாவது எடுத்துக்கொள்ளும் வண்ணங்களின் தொகுப்பை, மாற்றினால் அந்தக் குறை வெளியே தெரியாது.

ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் தட்டில் நான்கே வண்ணங்கள்: மஞ்சள் காவி, வெர்மிலியன் சிவப்பு, ஐவரி கறுப்பு, வெள்ளை. நீலமே கிடையாது. காவிக்கும் சிவப்புக்கும் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலை வைத்தால் கண்ணுக்கு அதுவே நீலமாகத் தோன்றும். திரையில் இது பலிக்க, கறுப்பைச் சுத்தக் கறுப்பாக வைக்காமல் ஆர்ஜிபி மதிப்பில் 35, 36, 42 என்று துளி நீலம் சேர்த்து வைத்தோம். வெள்ளை 245, 240, 228. காவியோடு இந்தக் கறுப்பைக் கலந்தால் ஆலிவ் பச்சையும் கிடைக்கும். முகத்துக்கு இதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

வரைய உட்காரும் முன் இரண்டு அமைப்புகள். விண்டோஸில் பேனாவின் அழுத்தம் பதியவில்லையென்றால், கிரிட்டாவின் டேப்லெட் செட்டிங்ஸில், பேனாவைப் படிக்கும் வழிகளான வின்டேப், விண்டோஸ் இங்க் இரண்டில் எது தேர்வாகியிருக்கிறதோ அதை விட்டு மற்றதற்கு மாற்றி, கிரிட்டாவை மூடித் திறக்க வேண்டும். அடுத்தது, சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும்) 16 பிட் நுணுக்கம். 8 பிட்டில் ஸ்மட்ஜ் பிரஷை மெல்லத் திரும்பத் திரும்ப ஓட்டினால் மதிப்புகள் முழு எண்ணாகச் சுருங்கி, படிப்படியாகக் கோடுகளும் போகாத கறைகளும் தங்கிவிடும். விலை நினைவகம்தான்: இந்த அளவில் முழுதாக நிரம்பிய ஒரு லேயருக்கு 8 பிட்டில் சுமார் 35 எம்பி, 16 பிட்டில் 70. லேயரே இரண்டு மூன்றுதான் என்பதால் இது பாரமில்லை.

பிரஷ் மூன்று: ட்ரை பிரிஸ்ல்ஸ், வெட் பிரிஸ்ல்ஸ், வெட் நைஃப். வெள்ளைக் கேன்வாஸில் எல்லா நிறமும் இருண்டு தெரிந்து ஏமாற்றும். அதனால் முதலில் நடுத்தரப் பழுப்பு பூசினோம். பிறகு ட்ரை பிரிஸ்ல்ஸ் 300 பிக்சலில், ஒளி, இடைநிலை, நிழல் என்று மூன்றே டோனில் முகத்தைக் கட்டினோம். பாதி வேலை முடியும்வரை ஜூம் 25 முதல் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உள்ளே போனால் கை தானாகச் சின்னப் பிரஷைத் தேடும், கண்ணிமை மயிரை எண்ணத் தொடங்கும்.

பெரும்பாலான படங்கள் கெடுவது விளிம்பில். பிளெண்டர் பிரஷை முகம் முழுக்க ஓட்டினால் தோல் மெழுகு பொம்மையாகிவிடும், ஏனென்றால் எல்லா விளிம்பும் ஒரே அளவில் மங்குகிறது. இதற்கு மாற்று: கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி எல்லையிலேயே சொடுக்கி இடைப்பட்ட நிறத்தை எடுத்து, ஒரே தீற்றலாக வைப்பது. வைத்ததைத் தேய்க்கக் கூடாது. மூக்கின் நிழல் கன்னத்தில் விழும் இடம் கூர்மையாக இருக்கட்டும். கன்னம் வளைந்து திரும்பும் இடம் மென்மையாகட்டும். நிழல்பக்கத் தலைமுடி பின்னணியில் கரைந்தே போகட்டும். கரைக்கும் அந்த இடத்துக்கு மட்டும் வெட் பிரிஸ்ல்ஸ். அதில் கலர் ரேட் கூடினால் புது நிறம் மேலே ஏறி உட்காரும். குறைந்தால் அடியில் இருப்பதை இழுக்கும். கரைக்கும்போது நாங்கள் அதைக் குறைத்தே வைத்தோம்.

தடிமன் காட்டும் நைஃப் பிரஷ் நெற்றி, மூக்குநுனி, சட்டைக் காலரில் மட்டும். தைலவண்ண மரபில் ஒளியைத் தடிமனாகவும் நிழலை மெல்லியதாகவும் பூசுவார்கள். படம் முழுக்கத் தடிமன் போட்டால் சொரசொரப்பான பிளாஸ்டிக் தாளை ஒட்டியதுபோல் இருக்கும்.

கால்மணிக்கு ஒருமுறை எம் விசையை அழுத்திக் கண்ணாடிப் பிம்பமாகப் பார்த்தோம். கோணலான தாடை உடனே கண்ணில் படும். மேலே ஒரு கறுப்பு லேயர் வைத்து அதன் பிளெண்டிங்கை 'கலர்' ஆக்கினால் படம் சாம்பலாகத் தெரியும். ஒளிப்பக்க இடைநிலையும் நிழலும் அப்போது ஒன்றாகிவிட்டால், நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் டோனைத் திருத்தியே ஆக வேண்டும்.

முடிந்த படத்தின் கேஆர்ஏ கோப்பை (கிரிட்டாவின் சொந்த வடிவம்) 16 பிட்டில் அப்படியே வைத்துக்கொண்டு, இணையத்துக்கு 8 பிட் எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொது நிற அளவை) பிஎன்ஜி எடுத்தோம். அச்சுக்கு மட்டும் தனிப் பிரதி: தாளில் நிழல்கள் இன்னும் இருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், அதில் நிழல்பகுதியைச் சற்றே வெளிறவிட வேண்டியிருந்தது.