‘தேதி குறிப்பிடாமல்’ ஒத்திவைத்தால் கூட்டத்தொடர் முடிந்ததா?

சட்டமன்றத்தின் கடைசி அமர்வு நாளில் ஆங்கிலப் பத்திரிகைகள் ‘அட்ஜர்ன்ட் சைனி டை’ என்று எழுதும். தமிழ்ப் பத்திரிகைகளில் ‘தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு’. லத்தீனில் ‘சினே’ என்றால் இல்லாமல், ‘தியே’ என்றால் நாள். அடுத்து எப்போது கூடுவது என்று நாள் குறிக்கவில்லை, அவ்வளவுதான். கூட்டத்தொடரே முடிந்துவிட்டதாகப் பலரும் எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

ஒத்திவைப்பவர் சபாநாயகர். கூட்டத்தொடரை முடித்துவைப்பவர் ஆளுநர், நாடாளுமன்றத்தில் குடியரசுத் தலைவர் (அரசியலமைப்பின் 174, 85ஆம் பிரிவுகள்). இரண்டுக்கும் நடுவே சில நாட்களும் போகலாம், மாதங்களும் போகலாம். அந்த இடைவெளியில் அவை தொடரில் இருப்பதாகவே கணக்கு. மக்களவை நடைமுறை விதி 15இன்படி, சைனி டைக்குப் பிறகும் சபாநாயகரே அவையை மீண்டும் கூட்டலாம்.

பஞ்சாபில் இதுவே வழக்கானது. 2023 மார்ச் 22 அன்று சைனி டையாக ஒத்திவைத்த அவையை, தொடர் முடித்துவைக்கப்படாத நிலையில், ஜூன் 19, 20 தேதிகளில் சபாநாயகர் கூட்டினார். அது செல்லுமா என்று ஆளுநர் பன்வாரிலால் புரோகித் (முன்பு தமிழ்நாட்டில் ஆளுநராக இருந்ததால் நமக்குப் பழக்கமானவர்தான்) சந்தேகம் எழுப்பினார். செல்லும் என்று நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அவசரச் சட்டத்திலும் இந்த வேறுபாடு தலைகாட்டும். சட்டமன்றம் தொடரில் இருக்கும்போது ஆளுநர் அதைப் பிறப்பிக்க முடியாது. எனவே சைனி டை மட்டும் போதாது, தொடரை முடித்துவைக்க வேண்டும். நிலுவை மசோதாக்கள் அதனால் காலாவதி ஆவதில்லை. அவை மீண்டும் கூடியாக வேண்டிய ஆறு மாதக் கெடு மட்டும் முடித்துவைத்த தேதியிலிருந்து ஓடாது. கடைசியாக அவை கூடிய நாளிலிருந்து ஓடும். இங்கே தப்புக்கணக்குப் போடுவோர் நிறைய.

நீதிமன்றத்திலும் இதே சொல் உண்டு. மேல் நீதிமன்றத் தடை போன்ற காரணத்தால் வாய்தா தேதி தராமல் வழக்கை நிறுத்திவைப்பார்கள். வழக்கு தள்ளுபடி ஆகிவிடவில்லை, உயிரோடுதான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதும்போது இதை ‘அட்ஜர்ன்ட்’ என்ற வினையை ஒட்டிப் போடுங்கள். ‘சைனி டை டில் மண்டே’ என்பது அபத்தம்: நாள் இல்லை என்று சொல்லிவிட்டு நாளையும் சொல்வது. உச்சரிப்பில் ‘சைனி டை’, ‘சினே டியே’ இரண்டும் புழங்குகின்றன. ‘சைன் டை’ என்று மட்டும் வேண்டாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இது பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. சட்டமன்றத்தின் 40ஆவது, கடைசி நாளுக்கே அங்கே ‘சைனி டை’ என்று பெயர்.

நிறுவனக் கூட்டக் குறிப்பு எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொதுக்கூட்டத்தில் அரை மணி நேரத்துக்குள் கோரம் (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) சேரவில்லை என்றால், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 103ஆம் பிரிவுப்படி அது அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்துக்குத் தானாகவே தள்ளிப்போகும். வேறு தேதி, நேரம், இடத்தை இயக்குநர் குழு முடிவு செய்யலாம். பங்குதாரர்கள் கோரிக்கை வைத்துக் கூட்டிய கூட்டமாக இருந்தால் ரத்தாகிவிடும். எப்படிப் பார்த்தாலும் அந்தக் குறிப்பில் ‘சைனி டை’ வர வழியில்லை.