மலை ரயில் பார்க்க டிக்கெட் தேவையில்லை

சென்னையில் புகை விட்டு ஓடும் ரயிலைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எளிதல்ல. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸில் செய்யப்பட்ட இஐஆர்-21 என்ற நீராவி இன்ஜின் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் மறுபடி உயிர்பெற்றதுதான். ஆனால் குடியரசு தினம், சுதந்திர தினம் மாதிரி விசேஷங்களுக்கு மட்டும்தான் வெளியே வரும். பெரம்பூர் ரயில் மியூசியத்தில் இன்ஜின்கள் நிற்கும், மூச்சு விடாது. நம்பிப் போகக்கூடியது, நீலகிரி மலை ரயில் நீராவியில் ஓடும் மேட்டுப்பாளையம்–குன்னூர் தடம்தான். வெள்ளி இரவு கிளம்பினால் ஞாயிறு விடிகாலை வீட்டில் இருக்கலாம்.

எல்லோரும் மலை ரயில் டிக்கெட்டுக்குத்தான் அலைகிறார்கள். முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும், சனி ஞாயிறு இடங்கள் சட்டென்று தீர்ந்துவிடும். கிடைக்கவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. பெட்டிக்குள் இருப்பவருக்குச் சத்தம் கேட்கும், இன்ஜின் தெரியாது. (பின்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. 12 அடிக்கு ஓரடி ஏறும் பாதையில் கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் கீழே உருண்டு ஓடாமல் இன்ஜின் தாங்கிக்கொள்ளும்.) இன்ஜினைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், வெளியே நிற்பவர்தான் அதிர்ஷ்டசாலி.

சென்ட்ரலிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் (12671) இரவு 9 மணியைத் தாண்டிக் கிளம்பி, காலை ஆறே கால் வாக்கில் மேட்டுப்பாளையம் சேரும். மலை ரயில் 7:10-க்கு. அந்த முக்கால் மணி நேரத்தை டிபனில் செலவழிக்காமல் நேரே இன்ஜின் பக்கம் போங்கள். சக்கரங்களுக்கு முன்னால், பக்கவாட்டில், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர் தெரியும். கீழே இருப்பது சாதாரண சக்கரங்களுக்கு, மேலே இருப்பது பல்சக்கரத்துக்கு (ஏற்றத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்தண்டவாளத்தைக் கவ்வி ஏறும் சக்கரம்). இந்த 'எக்ஸ்' வகை இன்ஜின்களின் பிறப்பிடம் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரம். எண்ணெயில் எரியும் சில இன்ஜின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை பின்னாளில் புதிதாகவே கட்டியது.

கிளம்பும் நொடியில் சிலிண்டரின் அடியிலிருந்து இருபுறமும் வெள்ளையாக ஆவி சீறும். எதோ உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். குளிர்ந்த சிலிண்டருக்குள் ஆவி தண்ணீராகி நிற்கும். தண்ணீர் அமுங்காது என்பதால், பிஸ்டன் அதை நெரித்தால் சிலிண்டர் மூடியே பிளந்துபோகலாம். அதனால்தான் வடிகுழாயைத் திறந்துவைத்து நகர்த்துகிறார்கள். கொதிகலனில் அழுத்தம் மிஞ்சினால் பாதுகாப்பு வால்வு பெருஞ்சத்தத்தோடு திறக்கும், முன்னறிவிப்பே இருக்காது. கைக்குழந்தை இருந்தால் காதைப் பொத்தத் தயாராக நில்லுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டவே வேண்டாம். எண்ணெய்க்கு ஏற்ற காற்று போகாவிட்டால் புகை கறுத்து, பிசுபிசுப்பான துளிகள் மேலே விழும்.

வண்டி நகர்ந்ததும் ஸ்டேஷனுக்கு அருகிலுள்ள பஸ் ஸ்டாண்டிலிருந்து குன்னூர் பஸ் பிடியுங்கள். சொந்தக் காரில் போனால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசுப் பஸ்ஸுக்குத் தேவையில்லை. ரயில் குன்னூர் சேர்வது பத்தரை வாக்கில். கல்லாரைத் தாண்டியதும் பல்தண்டவாளம் தொடங்குவதால் அங்கிருந்து மணிக்கு 13 கிலோமீட்டர்தான், நடுவில் ஹில்குரோவ் போன்ற இடங்களில் தண்ணீர் பிடிக்கவும் நிற்கும். பஸ் எப்படியும் முந்திவிடும். குன்னூரில் நீராவி இன்ஜின் கழன்று ஷெட்டுக்குப் போகும், டீசல் இன்ஜின் ஊட்டிக்கு இழுத்துச் செல்லும். அந்த மாற்றத்தைப் பார்க்க பிளாட்பார டிக்கெட் போதும்.

டிக்கெட் கிடைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்னால் இருக்கும் முதல் வகுப்பு காட்சிக்கு நல்லது, இன்ஜினுக்கு அல்ல. கடைசிப் பெட்டியில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஹில்குரோவில் இறங்கி இன்ஜின் பக்கம் ஓடுங்கள். பல்தண்டவாளத்தில் கிளம்பும்போது மேல் பிஸ்டன், கீழ்ப் பிஸ்டனைவிட வேகமாக அடிப்பது தெரியும். கீழே வேலை முடித்த ஆவியே மேல் சிலிண்டருக்குப் போய் மறுபடி வேலை செய்கிறது. ஆனால் வண்டி நகரத் தொடங்கிவிட்டால் படியில் தாவாதீர்கள், ஒவ்வொரு பெட்டியிலும் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன் திட்டுவார்.

மதியத்துக்கு சிம்ஸ் பூங்கா. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். 3:15 வாக்கில் இறங்கு ரயில் குன்னூரை விட்டுக் கிளம்பும். இப்போது இன்ஜின் முன்னால், பள்ளத்தின் பக்கம். இழுப்பதில்லை, பிடித்து நிறுத்துகிறது: சிலிண்டர்கள் காற்றை உறிஞ்சி அமுக்கி எதிர்ப்புக் கொடுக்கின்றன. அவை சூடாகாமலிருக்கத் தண்ணீர் விடுவதால் காலையில் கேட்ட 'சுக்குபுக்கு' இருக்காது, நீண்ட சீறல்தான். மேட்டுப்பாளையத்தில் இரவு 9 மணியை ஒட்டிச் சென்னை வண்டி (12672). மலைச்சாலையில் நெரிசல் இருக்கும் என்பதால் ஐந்து மணி பஸ்ஸுக்கு மேல் தாமதிக்காதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை குடும்பத்தோடு இதை வைத்துக்கொள்ள வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து ரயில் ரத்தாவது வழக்கம். அதுவும் அன்று காலைதான் தெரியவரும்.