ஸ்காபரோ வீட்டு யன்னலில் குளிரை அடைத்த கதை

கனடாவில், ரொறொன்ரோ நகரின் ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடி வீடு பழையது. ஹோலில் இழுத்துத் திறக்கும் பெரிய யன்னல், அலுமினியச் சட்டம். சுவரோரம் நிலத்தை ஒட்டி மின்சார ஹீற்றர். அதன் பில் எங்கள் தலையில். தை மாதத்தில் வெளியே மைனஸ் 18 இருந்த ஓர் இரவு, ஹீற்றரைக் கூட்டி வைத்தும் யன்னலோரத்தில் வெப்பமானி 15தான் காட்டியது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, பனி பார்க்கவென்று யன்னலடியில் போட்டிருந்த கதிரையைக் குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

வாடகை வீட்டில் யன்னலை மாற்ற முடியாது. குளிரை மறிக்க யன்னலின் மேல் ஒட்டும் பிளாஸ்ரிக் தாள், கடையில் 20 டொலர் அளவில் பெட்டியாக விற்கும், ஒன்று வாங்கினேன். உள்ளே இருபக்கமும் ஒட்டும் ரேப், மெல்லிய பிளாஸ்ரிக் தாள், அவ்வளவுதான். அன்று மாலையே ஒட்டினேன். விடிய மூன்று மணிக்குச் சரசரவென்று சத்தம். எழும்பிப் பார்த்தால் மேல் விளிம்பு முழுக்கக் கழன்று, தாள் கப்பல் பாய் விரித்த மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது.

ரேப்பை நேரே அலுமினியத்தில் ஒட்டியது முதல் பிழை. சோறு வடித்த ஆவியும் உள்ளே காயப்போட்ட உடுப்பின் ஈரமும் அந்தக் குளிர்ந்த சட்டத்தில்தான் வேர்த்து நிற்கும். பெரிய பிழை மற்றது: காற்று வரும் ஓட்டையை அடைக்காமல் அதன் முன்னால் தாளைக் கட்டியது.

"சாம்பிராணிக்குச்சியைக் கொளுத்திப் பார் பிள்ளை, எங்காலை வருதெண்டு புகை சொல்லும்" என்றார் அம்மா. காற்றடித்த ஒரு பின்னேரம் ஹீற்றரை நிற்பாட்டிவிட்டு, திரைச்சீலையையும் ஒதுக்கிவிட்டு, குச்சியைச் சட்டத்தை ஒட்டி மெதுவாகக் கொண்டுபோனேன். கண்ணாடி நடுவில் புகை நேராக எழும்பியது. இரண்டு கண்ணாடியும் சந்திக்கும் இடத்தின் கீழ் மூலைக்கு வந்ததும் அப்படியே படுத்து அறைக்குள் ஓடியது. விரலை வைத்தால் ஊசி குத்துகிற குளிர். இப்படி நாலு இடம். சந்திக்கும் இடத்தில் ஒட்டும் ஸ்பொஞ்ச் பட்டி வைத்தேன். மற்ற இடுக்குகளில், களிமண் மாதிரிப் பிசைந்து அமத்தக்கூடிய கயிறு ஒன்று விற்கிறார்கள், அதை அடைத்தேன். எனக்குப் பாதி வித்தியாசம் இதிலேயே தெரிந்தது.

அப்புறம்தான் தாள். இந்த முறை ரேப்பை யன்னலைச் சுற்றியுள்ள மரச்சட்டத்தில் ஒட்டினேன். முதலில் ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிட்டேன். மகள் ஒரு நுனியைப் பிடிக்க, மேலிருந்து கீழே ஒட்டிக்கொண்டு வந்தோம். பிறகு ஹெயார் ட்ரையரை மூலைகளில் தொடங்கிக் காட்ட, சுருக்கங்கள் ஒவ்வொன்றாக இழுபட்டு, தாள் மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொண்டது. ட்ரையரை ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, ஓட்டை விழும். தாள் கடதாசியை விட மெல்லியது. குளிரைத் தடுப்பது அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் அசையாமல் நிற்கும் காற்று. ஓட்டையை முதலில் அடைக்க வேண்டியதும் அதனால்தான்.

குளியலறையின் சின்ன யன்னலுக்குப் பார்சல் சுற்றி வந்த குமிழித்தாள் போதும். கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, குமிழிப் பக்கம் கண்ணாடியில் படும்படி அமத்தினால் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் வரும், வெளியே தெரியாது. படுக்கையறை யன்னலுக்குத் தாள் ஒட்டவில்லை. நெருப்பு என்று வந்தால் திறக்க ஒரு வழி வேண்டும். தடித்த திரைச்சீலையும் போட்டேன், ஆனால் கீழே ஹீற்றரில் முட்டாத அளவுக்கு வெட்டித் தைத்து.

அடுத்த கடும் குளிரில் அதே இடத்தில் வெப்பமானி 19 காட்டியது. கதிரை திரும்ப யன்னலடிக்கு வந்துவிட்டது.

சித்திரை பிறந்தபிறகு ரேப்பில் ட்ரையர் சூட்டைக் காட்டி மெதுவாக உரித்தேன், பெயின்ற் கழரவில்லை. இந்த வருடம் ஐப்பசியிலேயே ஒட்டப்போகிறேன், சட்டம் குளிர்ந்து ஈரமாவதற்கு முதல்.